நாலாம் நம்பருக்குக் காட்டிய சிவப்பு

இன்று காலை பாலவாக்கத்தில் எங்கள் தெருமுனை மைதானத்தில் கோடு போட்டுக்கொண்டிருந்தார்கள். முந்தின நாள் மழையில் தரை ஈரமாக இருந்தது. சுண்ணாம்புத் தூள் ஈர மண்ணில் விழுந்ததும் மூக்கைச் சுண்டும் ஒரு காரமான வாசனை எழும்புமே, அது பால் வாங்கப் போன என்னை அங்கேயே நிறுத்திவிட்டது. கோடு போட்டவர், "ஓரமா நில்லுங்க சார், கால்ல படும்" என்றார். நான் நகரவில்லை. சாந்தோம் பக்கம் அந்தப் பள்ளிக்கூட மைதானத்துச் சாமான் அறையில், சுண்ணாம்பு மூட்டைகளுக்கு நடுவில், நீயும் நானும் அடைந்து கிடந்த ஒரு மணி நேரமும் இதே வாசனைதான். சட்டையில், தலைமுடியில், வாயில்கூட.

நீ போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. நீ இருந்தவரை அந்த ஒரு மணி நேரத்தைப் பற்றி நாம் பேசியதே இல்லை. நான் ஆரம்பித்தாலே நீ எழுந்து சைக்கிள் பூட்டைத் திறக்கப் போய்விடுவாய். இப்போது உன்னால் எழுந்து போக முடியாது. அதனால் எழுதுகிறேன்.

நாம் சந்தித்தது மாம்பலம் ஸ்டேஷன் பக்கத்து டீக்கடையில். தொண்ணூறுகளின் தொடக்கம். நான் தி. நகரில் ஒரு இன்ஷூரன்ஸ் ஆபீஸில் கிளார்க், ஞாயிற்றுக்கிழமைகளில் ஹாக்கி அம்பயர். நீ டெலிபோன் லைன்மேன், ஞாயிற்றுக்கிழமைகளில் கால்பந்து ரெஃப்ரி. டீக்குச் சில்லறை எடுக்கப் பையில் கைவிட்டேன், அம்பயர் வேலைக்கான மூன்று அட்டைகளும் கூடவே வந்து தரையில் விழுந்தன. நீ குனிந்து எடுத்துக் கொடுத்தாய். மஞ்சளையும் சிவப்பையும் உடனே கொடுத்தவன், பச்சையை மட்டும் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய்.

"இது இன்னாத்துக்கு?"

"எச்சரிக்கை. ஹாக்கில மொதல்ல பச்சை. 'பாத்து ஆடு'ன்னு அர்த்தம். மஞ்சள்னா அஞ்சு நிமிஷமாவது வெளில உக்காரணும். சிவப்புன்னா திரும்பி வரவே கூடாது."

"மஞ்சள் வாங்குனவன் திரும்பி வருவானா?"

"வருவான்."

"எங்காளு மஞ்சள் வாங்கிக்கினு உள்ளயே ஆடிக்கினு இருப்பான். ரெண்டாவது மஞ்சள் வந்தா செவப்பு. உக்காந்து யோசிக்கறதுக்கு எங்காட்டத்துல எடமே இல்ல, மச்சி." நீ அந்தப் பச்சை அட்டையைத் திருப்பிக் கொடுக்க மனமில்லாமல் கொடுத்தாய்.

அன்றிலிருந்து உனக்கு ஒரு பைத்தியம் பிடித்தது. எந்த ஆட்டம் எங்கே நடந்தாலும் என்னையும் இழுத்துக்கொண்டு போவாய். ஆட்டத்தைப் பார்க்க மாட்டாய், நடுவரின் கையையே பார்ப்பாய். வாலிபால் போட்டி ஒன்றில் நடுவர் இரண்டு அட்டைகளை ஒரே கையில் சேர்த்துப் பிடித்தார். இன்னொரு தடவை இரண்டையும் தனித்தனிக் கையில் பிடித்தார். இரண்டுக்கும் வேறு வேறு தண்டனை என்று தெரிந்ததும் நீ அந்த நடுவரை வாசல்வரை துரத்திப் போய் விவரம் கேட்டாய். டேபிள் டென்னிஸில் மஞ்சளையும் சிவப்பையும் சேர்த்துக் காட்டினால் எதிராளிக்குப் புள்ளி. பாட்மின்டனில் கறுப்பே உண்டு, அது நடுவரிடம்கூட இருக்காது, அவருக்கும் மேலே உள்ள அதிகாரியிடம்தான் இருக்கும் என்று கேள்விப்பட்ட அன்று, "கறுப்புமா? அப்பால இன்னா, மாலையா?" என்றாய். அடையாறில் அந்த உள்ளரங்கத்தில் பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். கிரிக்கெட்டில் அட்டையே கிடையாது என்பதில் உனக்குக் கோபம்.

உன்னுடைய அட்டைகள் நீயே வெட்டியவை. மஞ்சள், சார்ட் பேப்பர். சிவப்பு, யாருடைய கல்யாணப் பத்திரிகையோ, உள்பக்கம் பொன் எழுத்து தெரியும். மஞ்சளைச் சட்டைப் பையில் வைத்திருப்பாய். சிவப்பு கால்சட்டையின் பின் பையில். ஏன் என்று கேட்டேன்.

"கை பின்னால போறதுக்கு ரெண்டு செகண்டு ஆவும். அதுக்குள்ள மனசு மாறுதான்னு பாப்பேன்."

அந்த ஐப்பசி மாதத்து ஞாயிறுக்கு வருகிறேன்.

காலையிலிருந்து விட்டு விட்டு மழை. மதியம் மூன்று மணிக்கு மாம்பலத்தில் என் வீட்டு வாசலில் தொப்பலாக நனைந்து நின்றாய். லீக் ஆட்டம். கடற்கரைக் குப்பத்துப் பையன்களின் டீமுக்கும் ஒரு ஆலையின் டீமுக்கும். கோட்டோரம் கொடி பிடிக்கும் இரண்டு லைன்ஸ்மேன்களில் ஒருவர் வரவில்லை.

"கொடி புடிக்கணும். அவ்ளோதான்."

"நான் கால்பந்து பரீட்சை எழுதினவன் இல்லடா."

"பந்து வெளில போனா தூக்கு. எவனாச்சும் அடிச்சா தூக்கு. மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

போகும் வழியில், சைக்கிள் பின்சீட்டில் நான் குடை பிடித்துக்கொண்டிருக்க, நீ சகாயத்தைப் பற்றிச் சொன்னாய். குப்பத்து டீமின் சென்டர் ஹாஃப், நாலாம் நம்பர். இருபத்திரண்டு வயது. விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்கு ஆள் எடுக்கும் ஒரு பெரிய ஆபீஸிலிருந்து அடுத்த ஞாயிறு ஆட்டத்துக்கு ஆட்கள் வருகிறார்கள், அவனைப் பார்க்கத்தான். குப்பம் முழுக்க அந்த ஒரு ஞாயிறுக்காகக் காத்திருக்கிறது. "இன்னிக்கு அவன் அடிபடாம ஆடணும்னு அவன் அம்மா கோயில்ல மெழுகுவத்தி ஏத்திக்கிது" என்றாய். அதைச் சொன்னபோது உன் குரலில் ஒரு பயம் இருந்தது. நீ ரெஃப்ரி, யார் பக்கமும் சாயக் கூடாது. ஆனால் அந்தப் பயம் எனக்குக் கேட்டது.

மைதானம் சேறாகிக் கிடந்தது. அரைமணி ஆட்டத்துக்குள் நீலச் சட்டை, வெள்ளைச் சட்டை எல்லாம் ஒரே நிறமாகிவிட்டன. கோட்டை ஒட்டிக் கூட்டம், எனக்குப் பின்னால் ஒரு முழ தூரத்தில். என் கொடிக்கம்பு இரண்டு தடவை யாருடைய வயிற்றிலோ இடித்தது. முதல் பாதி ஒன்றுக்கு ஒன்று.

இரண்டாம் பாதியில் என் பக்கத்துக் கார்னர் கொடிக்கு அருகில் பந்துக்காக மூன்று பேர் மோதி விழுந்தார்கள். இரண்டு பேர் குப்பத்து டீம், ஒருவன் ஆலை டீமின் பின்காவல். பந்து எப்படியோ தப்பி மைதானத்தின் நடுவுக்குப் போய்விட்டது. நீ பந்தின் பின்னால் ஓடினாய், அதுதான் உன் வேலை. நான் அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தேன். எழுந்திருக்கும்போது ஒரு முழங்கை பின்னால் போய், வேகமாக முன்னால் வந்து, பின்காவல்காரனின் வாயில் விழுந்தது. சத்தமே கேட்டது. ரத்தம் சேற்றில் சொட்டியது.

கொடியைத் தூக்கினேன்.

நான் பார்த்தது முழங்கையைத்தான். சேறு பூசிய ஒரு கை. அது யாருடைய உடம்பிலிருந்து வந்தது என்று பார்ப்பதற்குள் இரண்டு பேரும் எழுந்து பக்கத்துப் பக்கத்தில் நின்றுவிட்டார்கள், சகாயமும் அவனுடைய கூட்டாளி ஒன்பதாம் நம்பரும். இதை இத்தனை தெளிவாக நான் எனக்கே சொல்லிக்கொண்டது பிறகுதான். அந்த நிமிஷத்தில் ஆலை டீமின் பெஞ்சிலிருந்து பத்துப் பேர் கோட்டுக்குள் வந்து, "நாலு! நாலு! நாலாம் நம்பர்!" என்று கத்திக்கொண்டிருந்தார்கள். பின்னாலிருந்து யாரோ என் காலரைப் பிடித்து இழுத்தார்கள்.

நீ மூச்சிறைக்க ஓடி வந்தாய். உன் முகத்தில் மழை வழிந்துகொண்டிருந்தது.

"யாரு?"

"நாலு."

நீ உடனே திரும்பவில்லை. என் கண்ணைப் பார்த்தாய்.

"பாத்தியா?"

'தெரியல' என்று ஒரு சொல் இருக்கிறது. அதைச் சொல்லியிருந்தால் நீ இன்னொரு லைன்ஸ்மேனைக் கேட்டிருப்பாய், ஃப்ரீ கிக் மட்டும் கொடுத்திருப்பாய், ஆலைக்காரர்கள் நம் இருவரையும் திட்டியிருப்பார்கள், அவ்வளவுதான். கொடி தூக்கியவன் தெரியாது என்று சொல்வதா என்று எனக்குக் கூச்சமாக இருந்தது. அவ்வளவு அற்பமான காரணம்.

"பாத்தேன்" என்றேன்.

உன் கை பின்னால் போனது. எனக்குத் தெரியும், நீ அன்று இரண்டு செகண்டுக்கு மேல் எடுத்துக்கொண்டாய். பிறகு நடந்து போய், சகாயத்தின் முன்னால் நின்று, அந்தக் கல்யாணப் பத்திரிகைச் சிவப்பைத் தலைக்கு மேலே தூக்கினாய்.

அவன் சண்டை போடவில்லை. இரண்டு கைகளையும் விரித்து, "சார், நான் இன்னா சார் பண்ணேன்?" என்று மட்டும் கேட்டான். பக்கத்தில் நின்ற ஒன்பதாம் நம்பர் தலையைக் குனிந்துகொண்டான். நான் அதையும் பார்த்தேன். அதுதான் நான் உண்மையாகவே பார்த்தது.

பத்துப் பேராக ஆடிய குப்பத்து டீம் இரண்டுக்கு ஒன்று என்று தோற்றது. கடைசி விசில் ஊதியதும் கூட்டம் உள்ளே வந்தது. ஈர மணல் உருண்டைகள், செருப்பு, ஒரு பாதிச் செங்கல். மைதானக் காவலாளி நம்மைச் சாமான் அறைக்குள் தள்ளி வெளிப்பக்கம் பூட்டினார். தகரக் கதவு. ஒவ்வொரு உதைக்கும் அது உள்பக்கம் வளைந்தது. வலை, தாண்டி ஓடும் தடைக்கட்டைகள், சுண்ணாம்பு மூட்டைகள், ஜன்னல் இல்லை. "அவன வெளிய அனுப்பு! கொடி புடிச்சவன வெளிய அனுப்பு!" என்ற குரல் எனக்கு இன்னும் கேட்கிறது.

நீ ஒரு மூட்டையின் மேல் உட்கார்ந்து, மடியில் ரிப்போர்ட் தாளை வைத்து, எழுத ஆரம்பித்தாய். 'நாலாம் எண் ஆட்டக்காரர்' என்றுவரை எழுதியிருந்தாய்.

"இருடா" என்றேன். "நான் கையைத்தான் பாத்தேன். மூஞ்சியப் பாக்கல. நீ கார்டு தூக்கினப்ப தலையக் குனிஞ்சது ஒன்பதாம் நம்பர்தான்."

பேனா நின்றது. வெளியே இன்னொரு உதை. மேலே சுவரிலிருந்து காரை உதிர்ந்து உன் தாளில் விழுந்தது. நீ அதை ஊதிவிட்டாய். என்னைத் திட்டுவாய், அடிப்பாய் என்று நினைத்தேன். நீ கேட்டது வேறு.

"உங்காட்டத்துல இந்த மாதிரி ஆனா இன்னா பண்ணுவீங்க?"

"ரெண்டு அம்பயர் இருப்போம். பேசிப்போம். சந்தேகம்னா பச்சையோட விட்டிருப்போம்."

"ம்." அந்தத் தாளைக் கசக்கினாய். புதுத் தாள் எடுத்தாய். 'சம்பவத்தை நான் நேரில் காணவில்லை. குற்றம் செய்யாத ஆட்டக்காரரை வெளியேற்றிவிட்டேன். பிழை என்னுடையது' என்று எழுதினாய். படித்துவிட்டுத் தாளைப் பிடித்துக்கொண்டேன்.

"என் பேரை எழுது."

"கொடி தூக்கறது சொல்றது. கார்டு தூக்கறது செய்யறது. செஞ்சவன் நானு."

"நான் பொய் சொன்னேன்டா."

"அதக் கேட்டுக்கினு செவப்ப எடுத்தது யாரு?" என்றாய். பிறகு எழுந்து போய்க் கதவைத் தட்டினாய், உள்ளேயிருந்து. "வாட்ச்மேன், தொற."

நான் உன் கையைப் பிடித்து இழுத்தேன். நீ உதறினாய். காவலாளி திறந்தபோது வெளியே ஐம்பது அறுபது பேர் இருந்தார்கள். ஒருவன் கையில் உடைந்த தடைக்கட்டை. நீ அவர்களுக்கு நடுவே போய், ஓரமாக மதில்மேல் உட்கார்ந்திருந்த சகாயத்தின் முன்னால் நின்றாய்.

"தம்பி, நான் தப்புப் பண்ணிட்டேன். நீ அடிக்கல. இன்னிக்கு ஆட்டத்த என்னால திருப்ப முடியாது. அடுத்த ஞாயித்துக்கெழம ஆட்டத்துக்கு உனக்குத் தடை வராம பாத்துக்கறேன். மன்னிச்சுக்கோ."

கூட்டம் இதை எதிர்பார்க்கவில்லை. கட்டை வைத்திருந்தவன் அதைக் கீழே இறக்கினான். சகாயம் உன்னைத் தாண்டி அறைக்குள் நின்ற என்னைப் பார்த்தான். நான் இருட்டில் பின்னால் நகர்ந்துகொண்டேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் மயிலாப்பூரில், ஒரு பாத்திரக் கடைக்கு மேல், மாடி அறையில் லீக் கமிட்டி கூடியது. "நீ வராத" என்று சொல்லியிருந்தாய். வந்தேன். ஆனால் மேலே வரவில்லை. படியில் பாதியில் நின்றேன். அடுத்த மாதம் எனக்கு ஹாக்கி அம்பயர் அடுத்த நிலைப் பரீட்சை. கால்பந்து லீக் விசாரணையில் என் பெயர் வந்தால் அங்கே கேள்வி வரும். நீ வராதே என்று சொன்னதை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். கதவு திறந்திருந்தது. எல்லாம் கேட்டது.

செயலாளர் பொறுமையாகத்தான் பேசினார். "லைன்ஸ்மேன் தப்பா சொன்னாருன்னு ஒரு வரி சேத்துக் குடுப்பா. உம்மேல ஒண்ணும் வராது. அன்னிக்கு யாரு கொடி புடிச்சது?"

"மழை சார். வரவேண்டியவர் வரல. ஆளக் கூப்டது நான்."

"பேரு என்ன?"

"கூப்டவன் பேரு எழுதிக்கோங்க சார்."

"நீ அடுத்த கிரேடு பரீட்சைக்குப் பேர் குடுத்திருக்க. தெரியுமில்ல?"

"தெரியும் சார்."

கீழே கடையில் யாரோ அண்டாவைத் தட்டிப் பார்த்து வாங்கிக்கொண்டிருந்தார்கள். இன்னும் ஏழெட்டுப் படிதான். ஏறி உள்ளே போய் என் பெயரைச் சொல்ல அரை நிமிஷம் ஆகியிருக்கும். கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் உள்ளங்கை வியர்த்துத் துரு ஒட்டியிருந்தது.

நீ இறங்கி வந்தாய். நான் நின்ற இடத்தைப் பார்த்தாய், மேலே கதவைப் பார்த்தாய். எதுவரை எனக்குக் கேட்டிருக்கும் என்று உனக்குப் புரிந்திருக்கும்.

"டீ சாப்டலாமா?"

"என்ன ஆச்சு?"

"அவனுக்குத் தடை இல்ல. ஞாயித்துக்கெழம ஆடறான்."

"உனக்கு?"

"எனக்கு ஞாயித்துக்கெழம லீவு."

அது ஒரு வருஷத்து லீவு. அந்த வருஷத்தில் பரீட்சைக்கான உன் வயசு வரம்பு தாண்டிவிட்டது. அதற்குப் பிறகு பள்ளிக்கூட ஆட்டங்களுக்கு மட்டும் விசில் ஊதினாய். நான் என் பரீட்சையில் தேறினேன். சாக்லேட் வாங்கிக்கொண்டு உன் வீட்டுக்கு வந்தேன். நீ உண்மையாகவே சந்தோஷப்பட்டாய். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

சகாயம் அந்த ஞாயிறு நன்றாக ஆடவில்லை. கூட்டத்துக்கு நடுவில் நின்று இருவரும் பார்த்தோம். ஒவ்வொரு மோதலிலும் முன்கூட்டியே ஒதுங்கினான். அவனைப் பார்க்க வந்த ஆபீஸ்காரர்கள் இடைவேளையிலேயே எழுந்துவிட்டார்கள். நீ கால் கட்டைவிரலால் மணலைக் கிளறிக்கொண்டே நின்றாய். அடுத்த வருஷம் வேறொரு ஆபீஸில் அவனை எடுத்தார்கள் என்று சேதி வந்தபோது, கம்பத்தின் மேலிருந்து இறங்காமலே என் ஆபீஸுக்குப் போன் போட்டுச் சொன்னாய். லைன்மேனாக இருந்ததில் உனக்கு இருந்த ஒரே சலுகை அது.

நீ போன அன்று மந்தைவெளியில் உன் வீட்டு வாசலில் ஷாமியானாவின் கீழ் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது, ஐம்பது வயது தாண்டிய ஒருவர் பக்கத்தில் வந்து அமர்ந்தார். முன்தலை வழுக்கை. முகத்தைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது.

"நாங்க ஆடுன காலத்துல எத்தினியோ ரெஃப்ரிங்க சார்," என்றார் சகாயம். "மன்னிப்புக் கேட்டவரு இவரு ஒருத்தருதான்."

இத்தனை வருஷம் உன்னிடம் சொல்லி முடிக்காததை அவரிடம் சொன்னேன். "நாலுன்னு சொன்னது நான். நான் உங்களப் பாக்கவே இல்ல. கைய மட்டும்தான் பாத்தேன்."

அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. உன் வீட்டு வாசலையே பார்த்துக்கொண்டு சொன்னார்: "தெரியும் சார். கொடி உங்க கைலதானே இருந்திச்சி."

"அப்புறம் ஏன் ஒரு நாள்கூட வந்து கேக்கல?"

"கேக்கணும்னு வந்தேன் சார். அந்த வெள்ளிக்கெழமயே, மாம்பலத்துக்கு. உங்க தெருமுனைல இவரு நின்னுக்கினு இருந்தாரு. 'கேக்காதடா. அவன் ஏற்கெனவே உள்ளுக்குள்ள செத்துக்கினு கீறான், நீ வேற போய் நிக்காத'ன்னாரு. திரும்பிட்டேன்."

நீ அந்த வெள்ளிக்கிழமை என் தெருமுனைவரை வந்திருக்கிறாய். என் வீட்டுக்கு வரவில்லை. சகாயம் வருவான் என்று தெரிந்து, வேலைக்கு மட்டம் போட்டுவிட்டு அங்கே காவல் நின்றிருக்கிறாய். பிறகு எத்தனை டீ குடித்தோம், எத்தனை ஆட்டம் பார்த்தோம். ஒரு தடவைகூட வாய் திறக்கவில்லை.

போன மாதம் லீக் ஆபீஸுக்குப் போனேன். இப்போது வேறு கட்டடம். ஒரு பக்கத்தில் எழுதிக் கொண்டுபோயிருந்தேன்: இன்ன ஆட்டம், இன்ன சம்பவம், தவறான எண்ணைச் சொன்னவன் நான், நடுவர் என்னை நம்பினார், அதற்கான தண்டனையை அவர் அனுபவித்தார். மேசையிலிருந்த பெண் இரண்டு தடவை படித்தாள்.

"சார், இந்த ரெக்கார்டெல்லாம் இப்ப எங்ககிட்ட இல்லயே. நான் இத எதுல சேக்குறது?"

"எதுலயாவது சேத்து வைங்கம்மா. என் பேர் ஒரு எடத்துல இருக்கணும்."

அவள் பேனாவை எடுத்து, பெயருக்கு எத்தனை சுழி, இனிஷியல் என்ன என்று கேட்டு, ஒரு புதுக் கோப்பின் மேலே எழுதினாள்.

இது தெரிந்தால் நீ திட்டுவாய். திட்டு. உனக்கு அந்த வருஷத்தைத் திருப்பித் தர முடியாது என்று எனக்குத் தெரியும். நீ தெருமுனையில் நின்றதை நான் சாகும்வரை சுமப்பேன், அதையும் இறக்கி வைக்க முடியாது. ஆனால் அன்று ஏறாமல் விட்ட அந்த ஏழெட்டுப் படிகளை ஏறிவிட்டேன், மச்சி. மூச்சு வாங்கியது. ஏறிவிட்டேன்.